பொரி தின்ற ஆமை

எனக்கு மீன் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கருவாட்டுக் குழம்பு என்றால் இரண்டு கவளம் கூடவே இறங்கும். மகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன அன்று, அவள் ஏறிய பஸ் எங்கள் மலையின் வளைவில் மறைந்ததும் நேரே ஆற்றோரத்துச் சிவன் கோயிலுக்குப் போனேன். இவளை நல்லபடியாக ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கும்வரை என் வீட்டு வாசற்படியை மீனோ கருவாடோ தாண்டாது என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கோயில் ஆற்று மீன்களை நாங்கள் சாமியாகத்தான் நினைப்போம். யாரும் பிடிக்க மாட்டார்கள், வருகிறவர்கள் எல்லாம் பொரி வாங்கிப் போடுவார்கள். அதனால் மீனை விடுவதுதான் அந்தச் சாமிக்குப் பொருத்தம் என்று பட்டது. மகளிடம் இதைச் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்கு ஓர் எண்ணம்.

வீட்டுக்காரர் வருஷத்தில் பாதி நாள் கேரளாவில் மிளகு பறிக்கப் போய்விடுவார். வீட்டில் நான் ஒருத்திதான். பொங்கலுக்கு வந்த மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்ன வடை அளவுக்கு ஒரு பச்சை ஆமைக்குஞ்சு, இரண்டு காதோரமும் சிவப்புக் கோடு. ஆசைப்பட்டு வாங்கிவிட்டாளாம், ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள விடவில்லையாம்.

"தனியா இருக்கீங்களேம்மா, பேச்சுத் துணைக்கு வெச்சுக்கங்க" என்றாள்.

"ஆமை என்ன கண்ணு பேசும்?"

"அது பேசாதுங்க. நீங்க பேசறதை எதுத்துப் பேசாமக் கேட்டுக்கும். அந்த மாதிரி ஆளு உங்களுக்கு வேற எங்கே கிடைக்கும்?"

வாய் நீளம். என் வயிற்றில் பிறந்துவிட்டு வேறெப்படி இருப்பாள்?

ஒரு தீவனப் பாக்கெட்டையும் கொடுத்தாள். இது தீர்ந்தால் சின்ன மீனாக வாங்கி நறுக்கிப் போடுங்கள், கீரையும் போடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். பங்குனியிலேயே பாக்கெட் தீர்ந்துபோனது. மீன் வாங்க வழியில்லை, வேண்டுதல் இருக்கிறதே. ஒரு நாள் யோசித்தேன். கோயில் மீன் ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருக்கிறது. அதெல்லாம் பொரி தின்றுதானே வளர்ந்தது, தண்ணீரில் இருக்கிற இதற்கு மட்டும் ஆகாதா என்று ஒரு பிடி பொரியை அள்ளிப் போட்டேன். ஆமை பாய்ந்து பாய்ந்து தின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மகள் போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லாத் திங்குது சாமி" என்பேன். என்ன தின்கிறது என்று சொன்னதில்லை. கீரை நறுக்கவும் எனக்குச் சோம்பல். தின்பதைத்தானே தின்கிறது, விடு என்று இருந்துவிட்டேன்.

அதனிடம் எனக்கு ஆசை வந்துவிட்டது, அதை மறைப்பானேன். காட்டு வேலை முடிந்து வந்து தொட்டியருகே உட்கார்ந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு என் பக்கம் நீந்தி வரும். மரவள்ளி விலையைப் பற்றியும் வீட்டுக்காரரைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பேன். மகள் சொன்னது சரிதான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

ஆடிக்கு மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் பார்த்தால் ஆமையின் ஒரு கண் பருத்து உப்பிக்கொண்டிருந்தது. மறுவாரம் இரண்டும். இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டு, கண் இருந்த இடத்தில் இரண்டு மொச்சைக் கொட்டைகளை வைத்ததுபோல் இருந்தது. எங்களுக்குக் கண் நோவு வந்தால் செய்வதுபோல நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டேன். வீக்கம் வடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, அது கண்ணை மூடியே வெச்சிருக்குது?"

"குளுருக்குத் தூங்குது சாமி."

"போன வாரமும் தூங்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"உனக்கென்ன, அங்கே வெயில்ல இருக்கறே. இங்கே மனுசனே எந்திரிக்க முடியல" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என் பக்கம் இருந்தால் என் குரல் தானாகவே உயர்ந்துவிடும்.

பொரி தின்பதையும் அது நிறுத்திவிட்டது. நீந்தினால் தொட்டிச் சுவரில் போய் முட்டிக்கொண்டது. நான் பேசினால் கழுத்தை நீட்டியது, ஆனால் வேறு பக்கம் பார்த்து நீட்டியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் ஒரு வாளியில் ஈரத் துணியைப் போட்டு, அதில் ஆமையை வைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு வாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நாமக்கல் போய்ச் சேர்ந்தேன்.

மாட்டு டாக்டர் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் அந்த டாக்டரம்மாவுக்கு ஆமை வைத்தியமும் தெரிந்திருந்தது. சின்னப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்திருக்கலாம். ஆமையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க போடறீங்க இதுக்கு?"

"பொரிங்க."

"வேற?"

"பொரிதானுங்க. கோயில் மீனெல்லாம் அதைத் தின்னுதானுங்க..."

"அந்த மீனு நாள் பூரா ஆத்துல புழு, பூச்சி, பாசின்னு தின்னுட்டு உங்க பொரியை மேலாக்கத் திங்குதுங்க. இது தொட்டியில வேற எதைத் தின்னும்? இதுக்கு வைட்டமின் ஏ சத்தே சேரலைங்க. அதுதான் இமை வீங்கிக் கண்ணு மூடிருச்சு. கண்ணு தெரியாததால இரையும் எடுக்கலை."

பப்பாளி, மஞ்சள் பூசணி, கேரட், கீரை எல்லாம் போடலாம் என்றாள். என் வீட்டுப் பின்பக்கம் பப்பாளி பழுத்து அணில் தின்றுகொண்டிருந்தது. பூசணி கூரைமேல் கிடந்தது. ஊசி போட்டு, கண்ணுக்குக் களிம்பு கொடுத்தாள். குட்டி ஆமை என்பதால் இப்போதைக்குச் சின்ன மீனும் கட்டாயம் வேண்டும், வாயருகில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். "முக்கியமா, குளுர் ஆகாதுங்க. கதகதப்பா வெச்சுக்கங்க. இதுக்குச் சளி புடிச்சா நெஞ்சுக்கு எறங்கிரும்" என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

திரும்பும்போது பேளுக்குறிச்சியில் இறங்கிக் கால் கிலோ பொடி மீன் வாங்கினேன். மீனோடு என் வீட்டு வாசற்படியில் நின்றபோதுதான் கால் எழவில்லை. மகள் ஊசி மிஷின்களுக்கு நடுவே வேலை செய்கிறவள். ராத்திரி ஷிப்ட் முடிந்து தெருவில் நடந்து வருகிறவள். படியைத் தாண்டிவிட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அரைமணி நேரம் நின்றிருப்பேன். கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. மீன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் ஆமை வெளியே போகலாமே. தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் வைத்தேன். நாலு சாக்கைச் சுற்றிக் கட்டினேன். மாட்டு மூச்சு இருக்கிறது, கதகதப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் கண்ணுக்குக் களிம்பு போட்டு, பூசணியை வேகவைத்து மசித்து, மீனை நுணுக்கி அதன் வாயருகில் வைத்தேன். ஐந்தாம் நாள் வலது இமை கொஞ்சம் பிரிந்தது. உள்ளே கறுப்பாக, மினுமினுவென்று கண் தெரிந்தது. என் விரலைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பி மீனைக் கவ்வியது. மாடு மிரளும்படி சத்தம் போட்டுச் சிரித்தேன். அழுதும்விட்டேன்.

ஐப்பசி மழை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. சாக்கு எல்லாம் நனைந்து, பனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. நான் இரண்டு கம்பளிக்குள் படுத்திருந்தேன். உள்ளே கொண்டுவந்து விடலாமா என்று நினைக்காமல் இல்லை. அதன் வாயில், தொட்டியில் எல்லாம் மீன் வாசம். இன்று ஒரு நாள், மழை விட்டுவிடும் என்று மூன்று நாளும் நினைத்தேன். நாலாம் நாள் காலையில் அதன் மூக்கில் நுரை கட்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அப்போதுதான் தொட்டியோடு தூக்கிக்கொண்டு, மீன் வாசத்தோடே படியைத் தாண்டி அடுப்பருகில் கொண்டுவந்து வைத்தேன். மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது. திறந்த அந்த ஒரு கண் திறந்தபடியே இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தீபாவளி லீவுக்கு மகள் வந்தாள். பையை இறக்குவதற்கு முன்பே தொட்டியைத் தேடினாள். பப்பாளி மரத்தடியில் புதைத்த இடத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொரி, தூங்குகிறது என்று சொன்ன பொய், டாக்டர், ஒரு கண் திறந்தது, மழை. அவள் நின்றபடியே கேட்டாள், அழவில்லை.

"டாக்டர் குளுர் ஆகாதுன்னு சொல்லியும் மாட்டுக் கொட்டாயில ஏனுங்கம்மா வெச்சீங்க?"

"ஊட்டுக்குள்ள மீனு வரக்கூடாதுன்னு வேண்டியிருந்தேன் சாமி."

"அப்படி என்னங்கம்மா வேண்டுதல்? யாருக்கு?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிராதீங்கம்மா" என்றாள்.

சொல்லவில்லை. அவள் தோளில் இன்னும் இருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.