சர்ட்டிபிகேட் தேதிக்கு ஒரு வாழ்த்து அட்டை

டெல்லிக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், எங்கள் செக்‌ஷனில் பதினோரு ஆண்கள். பெண் நான் ஒருத்திதான். கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் தனியாக இருந்தேன். இந்தி பாதி புரியும், பேச வராது. மத்தியானம் எல்லோரும் புல்வெளிக்குச் சீட்டாடப் போய்விடுவார்கள். நான் மேஜையிலேயே டிபன் டப்பாவைத் திறந்துகொள்வேன்.

ஒருநாள் செக்‌ஷன் ஆபீசருக்குப் பிறந்தநாள் என்று, அட்டை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். கடையில் ஆண்களுக்கென்று இருந்தவை எல்லாம் பாய்மரக் கப்பலும் ரேஸ் காரும்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேஜை முழுக்கத் தேடுகிற மனிதருக்குக் கப்பல் எதற்கு? சார்ட் பேப்பரும் வாட்டர் கலரும் வாங்கிவந்து அந்தக் கண்ணாடியையே வரைந்துகொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு எல்லோருடைய பிறந்தநாளுக்கும் அட்டை போடும் வேலை, ஆபீஸ் தேதிப் பட்டியலோடு, என் தலையில் விழுந்தது.

உண்மையில் அது எனக்குப் பிடித்திருந்தது. வரைவதற்காக ஒவ்வொருவரையும் கவனித்தேன். யார் வேர்க்கடலைத் தோலை ஊதி ஊதித் தின்கிறார், யார் நாற்காலிக்குச் சொந்தமாகத் திண்டு கொண்டுவருகிறார் என்றெல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். என்னைப் பற்றி அவர்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைத் தரையில் அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கூட யாரோ இருப்பதுபோல இருக்கும்.

செக்‌ஷனில் இன்னொரு தமிழர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக டெல்லி. அந்த ஆகஸ்டோடு ரிடையர் ஆகப் போகிறவர். ஜன்னலோரம் ஒரு டால்டா டின்னில் கறிவேப்பிலைச் செடி வளர்த்துவந்தார். பட்டியலில் அவருக்கு ஆகஸ்ட் ஒன்பது. செடியை இலை இலையாக வரைந்து, கீழே அவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அச்சா, நல்லா போட்டிருக்கம்மா. ஆனா இது என் பிறந்தநாள் இல்ல. எங்க அண்ணனோடது."

எனக்குப் புரியவில்லை.

"நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். எனக்குப் பிறப்பைப் பதிஞ்சு வைக்கல. ஸ்கூல்ல சர்ட்டிபிகேட் கேட்டாங்க. அப்பா அவனோடதை எடுத்துக் குடுத்துட்டார். அவன் வயசுக் கணக்குல ரெண்டு வருஷம் முன்னாடியே ரிடையராகி வீட்டுக்குப் போறேன், பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் நிஜமாகப் பிறந்தது எப்போது என்று கேட்டேன். மார்கழி, சுவாதி என்றார்.

மாதக் கடைசியில் மாலை போட்டு அனுப்பிவைத்தோம். அதன்பின் செக்‌ஷனில் தமிழ் பேச ஆள் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போனபோது, கடைக்காரரின் தமிழ் நாள்காட்டியைக் கேட்டு வாங்கி மார்கழி சுவாதியைத் தேடினேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. புது அட்டை ஒன்று செய்தேன். அவர் பெயரை முன்னைவிடப் பெரிதாக, பச்சையும் மஞ்சளுமாக எழுதினேன்.

மோதி பாக்கில் அவருக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸை அவர்கள் இன்னும் காலி செய்திருக்கவில்லை. அந்த ஞாயிறு பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அவர் மனைவி கதவைத் திறந்தார். கூடத்தில் பாதி கட்டிய சாக்குமூட்டைகள். உள்ளே பாயச வாசனை.

"வாம்மா, வாம்மா. இன்னிக்கு அவங்க நட்சத்திரம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சார்தான் சொன்னார். ஆபீஸ்ல இருக்கறது அவங்க அண்ணன் தேதின்னு…"

"எந்த அண்ணன்?"

சார் தலையில் மஃப்ளரோடு உள்ளறை வாசலில் நின்றிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு மூத்தவர் யாரும் இருந்ததா எங்கிட்ட யாரும் சொல்லலையே. அத்தைகூடச் சொன்னதில்ல."

"அம்மா அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டாங்க. அப்படியே பழகிப்போச்சு," என்றார் அவர்.

அந்த அம்மாள் என் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டார். ஆனால் அதைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன?"

"அதுல எழுதியிருக்கே, அதேதான். சர்ட்டிபிகேட்டோட பேரும் வந்துருச்சு. வீட்டுல என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க."

அந்த அம்மாள் பச்சையும் மஞ்சளுமான எழுத்துகளின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினார். பிறகு சமையலறைக்குப் போய், எனக்கு மட்டும் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்தார். சூடாக இருந்ததால் வேகமாகக் குடிக்கவும் முடியவில்லை.

பஸ் ஸ்டாப் வரை அவர் கூட வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ என்னம்மா பண்ணுவ? உங்கிட்ட ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீ யார்கிட்டயும் பேசமாட்டியே, அதனாலயா இருக்கும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த 'யார்கிட்டயும் பேசமாட்டியே' சுருக்கென்றது.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று லீவும் போட்டேன். ஆனால் போகவில்லை. ரயில் கிளம்பும் நேரம் தாண்டும்வரை, உடுத்திக்கொண்ட புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.