டேவானில் யாருக்கும் நோயில்லை

என் கணவருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று இதயம், இன்னொன்று மைக். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துச் சமாளித்துவிட்டார்கள். மைக்குக்கு இதுவரை வைத்தியம் கிடைக்கவில்லை.

ஸ்டென்ட் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. இரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், கட்டிலில் படுத்திருந்த மனுஷன் என் கையைப் பிடித்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"யார்ட்டயும் சொல்லாத. கேட்டா காஸ்ட்ரிக்னு சொல்லு."

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஹார்ட் என்ற ஒரு வார்த்தை கிள்ளானில் கிளம்பினால், செமினி போய்ச் சேர்வதற்குள் பரம்பரையே ஹார்ட் பரம்பரை என்றாகிவிடும். அதனால் காஸ்ட்ரிக். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இஞ்சியையும் பூண்டையும் சிபாரிசு செய்துவிட்டுப் போனார்கள். நானும் சரி சரியென்று தலையாட்டி வைத்தேன்.

ஆஸ்பத்திரிச் செலவை மெடிக்கல் கார்ட் காப்புறுதி பார்த்துக்கொண்டது. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனி ஆபீசில் கிராணியாக இருந்த காலம் முழுக்க, என் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய கார்ட் அது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் ஏஜண்ட் போன் செய்தார்.

"ஆன்டி, பிரீமியம் ஏறுது. எல்லாருக்குந்தான் லா."

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் இப்படி?"

"ஆஸ்பத்திரி செலவு ஏறுதுல்ல ஆன்டி. அங்கிளுக்கு வயசும் ஏறுது."

வயசு ஏறாமல் இறங்குமா? நல்லா சம்பாதித்த காலத்தில், ஒரு நாள் கூடப் படுக்காத ஆளிடம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். சம்பளம் நின்று, உடம்பும் தளர்ந்த பிறகு விலையை ஏற்றுகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவான் யாரோ, அவருக்கு அப்பா அம்மா இல்லையா என்று ஏஜண்டிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் என்ன செய்வார். தன் அம்மாவுக்கும் ஏறிவிட்டதாகச் சொன்னார்.

என் கணவர் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார். "நிறுத்திடலாம். எனக்கு என்னா இப்ப, நல்லாதான இருக்கேன்."

நிறுத்தினால் அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு வேறு எந்தக் கம்பெனியும் புது கார்ட் தராது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்களுக்குக் குறைவில்லை, வரிசைக்கும் குறைவில்லை. அவர் முறை வரும் வரைக்கும் அடுத்த அடைப்பு காத்திருக்குமா என்பதுதான் என் பயம். அவர் குறட்டையை நிறுத்தினால் கூட நான் எழுந்து உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் இதே புலம்பல்தான். பாசாரில் மீன் வெட்டக் காத்திருக்கும்போதும் பிரீமியம் பேச்சு, கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதும் பிரீமியம் பேச்சு. எங்கள் தொகுதி எம்.பி.யான ஒய்பி, மக்களவையில் மருத்துவக் காப்புறுதி பற்றிப் பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், அவரை அழைத்து நேரில் முறையிடுவது என்று தாமான் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தின் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மைக் யார் கையில் இருக்குமோ அவர்தான்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். மகளுக்கு ஏறக்குறைய முடிவாகியிருந்த மாப்பிள்ளையின் அப்பா அம்மாவையும் சுங்கை பூலோவிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

"மெடிக்கல் கார்ட் கூட்டத்துக்கு யாராச்சும் சம்பந்தியக் கூப்புடுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஒய்பி நம்ம கூட்டத்துக்கு வர்றாங்கன்னு அவங்களும் பாக்கட்டுமே. நாம மத்தவங்களுக்காகத்தான பேசுறோம். நமக்கு வெறும் காஸ்ட்ரிக்."

சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாமான் மண்டபமான டேவான் நிரம்பிவிட்டது. சம்பந்திகளுக்கு முன்வரிசை. ஒய்பிக்கு மாலை, பொன்னாடை, அப்புறம் என் கணவரின் வரவேற்புரை. கிள்ளான் ஆற்றில் தொடங்கி மனித நேயத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒய்பி மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். சின்ன வயசுப் பெண், ஆனால் பொறுமைசாலி. மைக் கைக்கு வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அங்கிள், ஆன்டி, மக்கள் கஷ்டப்படுறாங்கன்னு பொதுவா சொன்னா அங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பிரீமியம் கட்டியே ஆகணும், கட்டவும் முடியல, அப்படி ஒருத்தர் கதை எனக்கு வேணும். பேரு சொல்ல மாட்டேன். யாருக்கு என்னா நோய், கார்ட் போனா என்னா ஆகும், அத மட்டும் சொல்லுங்க."

எல்லாரும் ஒரே நேரத்தில் காற்றாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருநூறு தமிழர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவர் நாளைக்குச் சம்பந்தி ஆவார் என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட இடத்தில் நோயைச் சொல்வதும், நகையைக் கழற்றித் தெருவில் வைப்பதும் ஒன்றுதான்.

கடைசியில் ஒருவர் எழுந்தார். அந்தப் புழுக்கத்திலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, செமினில இருக்காரு. கிட்னி போச்சு. டயாலிசிஸ் பண்றாரு." பேசியவரே எந்த நாளில் எந்த சென்டருக்குப் போகிறார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

பின்னால் ஒரு அக்கா, கல்யாணத்துக்கு இரண்டு பையன்களை வைத்திருப்பவர், "எங்க ஒண்ணுவிட்ட நாத்தனாருக்கு சக்கர, கால்ல புண்ணு ஆறல" என்றார். அவருடைய கட்டுப் போட்ட கால் நாற்காலிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"அவங்கள நான் பாக்க முடியுமா?" என்று ஒய்பி கேட்டார்.

"முடியாது ஒய்பி. அவங்களும் செமினி."

ஒரே காலையில் எங்கள் தாமான் நோய் மொத்தமும் செமினிக்குக் குடிபோய்விட்டது. போதாக்குறைக்கு என் கணவர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கடவுள் புண்ணியத்துல நம்ம தாமான்ல எல்லாரும் ஆரோக்கியமா இருக்கோம் ஒய்பி. யோகா வகுப்பு கூட நடக்குது."

ஒய்பி கைப்பையை எடுத்தார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எழுந்துவிட்டேன்.

"ஒய்பி, அவரு சொல்றது பொய். அவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு. நான் அவரு பொண்டாட்டி. இந்த வருஷம் பிரீமியம் கட்ட எங்களால முடியல. நிறுத்துனா வேற எவனும் கார்ட் தர மாட்டான். எனக்கு இவரு வேணும், அதான் வந்துருக்கோம்."

என் கணவர் உதட்டை அசைத்து, "காஸ்ட்ரிக்" என்று மெல்லச் சொன்னார். மைக் திறந்திருந்ததால் டேவான் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். போச்சு, வாய்க்கொழுப்பால் மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒய்பி, நாங்க இந்தத் தொகுதி இல்ல. சுங்கை பூலோ. சொல்லலாமா?"

"சொல்லுங்க ஆன்டி."

"எங்க வீட்டுக்காரரும் ஹார்ட்தான். போன வருஷம் விலை ஏறுனப்ப கட்ட முடியாம கார்ட நிறுத்திட்டோம். அதுக்கப்புறந்தான் வால்வு கெட்டுப் போச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. ஆபரேஷன் தேதிக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். பொண்ணு வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு இவரு மூச்சு வாங்குனா கூட இருமுற மாதிரி நடிப்பாரு."

மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அப்போது உண்மையாகவே மூச்சு வாங்கியது.

அதற்கப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? டயாலிசிஸ்காரர் சட்டைக் கையைச் சுருட்டி ஊசித் தழும்புகளைக் காட்டினார். அந்த அக்கா காலை நீட்டி நாற்காலி மேலேயே வைத்துவிட்டார். ஒய்பி அடுத்த நிகழ்ச்சிக்குப் போன் செய்து வர முடியாது என்றார். கிளம்பும்போது எங்களிடமும் சம்பந்திகளிடமும் வந்து, எங்கள் இரண்டு வீட்டுக் கதையையும் மக்களவையில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டார். என் கணவர் முதல் தடவையாக மைக்கைத் தேடாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

டேவான் பின்கட்டில் எல்லாருக்கும் மீ கோரெங் நூடுல்ஸ் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைகளின் நிறத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆபரேஷன் எப்பவாம்?" என்று என் கணவர் கேட்டார்.

"தெரியல. கேக்கவே பயமா இருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். தட்டுகளை அடுக்கினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் கரண்டியை விடாமல் நின்றேன்.

"நல்ல நாளு, மண்டபம்னு இழுத்துக்கிட்டே போக வேணாங்க. சீக்கிரமே வச்சிடுவோம். அப்பாங்க ரெண்டு பேரும் நடந்து மணவறைக்கு வரணும்."

நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

கல்யாணம் தை மாதம். சட்டம் இயற்றுகிற பெரியவர்களே, அதற்குள் பார்த்துச் செய்யுங்கள்.