முயலம்மாவின் பன்னிரண்டு வரிசை

அறுத்து வந்த புல்லை முயலம்மா கொட்டகைத் தரையில் உதறிப் பரப்பினார். ஈரம் போய்க் கொஞ்சம் வாடினால்தான் முயலுக்குப் போடலாம். இல்லையென்றால் வயிறு உப்பிக்கொள்ளும். இன்றைக்கும் இரண்டு கட்டு. தின்பதற்கு இருப்பவை ஐந்து குட்டிகள். அரைக் கட்டே அதிகம் என்பது கைக்கு இன்னும் தெரியவில்லை.

முயலம்மா என்று பெயர் வைத்தது பால்காரர். முதலில் இவர் கோபப்பட்டாராம். "இப்ப என் சொந்தப் பேரச் சொன்னா, யாரையோ கூப்பிடறாங்கன்னு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

கொட்டகைக்குப் பின்னால் பலகைக்குப் போகும் குமிழ் மரம், பன்னிரண்டு வரிசை. வருஷத்துக்கு ஒரு வரிசை வெட்டி, வெட்டிய வாரமே அங்கே கன்று நட்டுவிடுவார். மரத்தடிப் புல் முயலுக்கு, முயல் புழுக்கை மரத்துக்கு. மூட்டை உரம் அந்த வேலியைத் தாண்டியதில்லை. பருவம் பார்க்க அளவு நாடா கிடையாது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடிப்பார், விரல் எதிர் முழங்கையைத் தொட்டால், "இன்னும் பிஞ்சு, நிக்கட்டும்."

"என்னை ஒருநாள் இப்படிக் கட்டிப்பிடிச்சிருந்தா நானும் பருத்திருப்பேன்" என்று வீட்டுக்காரர் முன்பெல்லாம் சீண்டுவார்.

"உங்களுக்கு எந்தக் காலத்துல பருவம் வந்துச்சு, வெட்டுறதுக்கு?"

புது முயல் வந்தால், நோய் உண்டா என்று பார்க்கப் பதினைந்து நாள் தனிக்கூண்டு; அது முயலம்மாவின் சட்டம். மருமகன் வந்தாலும் அதிலேதான் போடுவார் என்று கேலி உண்டு. போன மாதம் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தார். புதுக் கடா முயல் வந்து நாலாம் நாள். பெட்டை ஒன்று இணைக்குத் தயாராக இருந்ததை வீட்டுக்காரர் பார்த்தார். வேளையை வீணாக்குவானேன் என்று கடாவை அதனிடம் விட்டார்.

"நல்லாத்தாம்மா துள்ளிக்கிட்டு இருந்துச்சு."

பத்தே நாளில், மூக்கில் ரத்தம் வழிந்து பெரிய முயல் முப்பத்தெட்டும் போயின. கொறிக்கப் பழகியிருந்த ஐந்து குட்டிகளை மட்டும் நோய் விட்டுவைத்தது. குழி வெட்டியதும் சுண்ணாம்பு போட்டதும் முயலம்மாதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனிதருக்கு ஒருவேளைச் சோறாவது இறங்கியிருக்கும்.

மாதத்தை ஓட்டியது முயல். மரம் வருஷத்துக்கு ஒருமுறைதான். நோய் போகக் கொட்டகையை ஆறு மாதம் காயப்போடாமல் புது முயல் கொண்டுவர முடியாது. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. இந்த வருஷத்து வரிசை ஏற்கெனவே போய்விட்டது.

வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"மரக்காரர் நாளைக்குக் காலைல வரேங்கறார். நடு வருஷத்துல ஒரு வரிசைக்கெல்லாம் லாரி எடுக்க மாட்டாராம். பிஞ்சும் சேர்த்து எல்லாத்தையும் கேக்குறார். வேண்டாம்னா இப்பவே சொல்லிடறேன். என்னம்மா சொல்றே?"

முயலம்மா இரண்டாவது கட்டை அவிழ்த்து உதறினார்.

"ஏதாவது பேசேன். வேணும்னா நாலு அறை அறைஞ்சிடு."

முயலம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் கோடு போடுவது எப்போதும் அவர் வேலை; ஒரு வரிசைக்குக் கால் டப்பா தாராளம். பலகைத் தட்டிலிருந்து திறந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மூடி திறக்காத மூன்றையும் கூடையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றவரை ஒதுங்கிக் கடந்து மரங்களின் பக்கம் போனார்.