புரொப்பெல்லரில் பொட்டு

ஐம்பது தாண்டியவர்களை டாக்டர்கள் நடக்கச் சொல்வார்கள். நான் பறக்கப் போனேன். என் மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து, அமெரிக்காவில் ‘லைட் ஸ்போர்ட்’ வகையில் பதிவாகியிருந்த இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கினோம்.

அந்த வகையின் பழைய விதியொன்றும் அதன் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புரொப்பெல்லர் இதழ்களின் சரிவைத் தரையில், எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டுமே மாற்றலாம். பறக்கையில் மாற்ற வழியே இருக்கக்கூடாது. எங்களுடையதில் தரையில் மாற்றுவதென்றாலும் மெக்கானிக் வந்து மாற்றி, பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டும். அமெரிக்காவில் இப்போது விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று படித்துவிட்டு வந்து மச்சான் துள்ளினான்.

“ஒரேயொரு டிகிரி திருப்பினா நல்லா இழுக்கும் அத்தான்.”

“தொட்டுப் பார், கையை முறிப்பன்.”

அந்தச் சனிக்கிழமை காலை மெக்கானிக் வருடாந்தச் சோதனைக்கான கையெழுத்துப் போட வருவதாக இருந்தது. போட்டதும் நான் மனைவியை முதன்முறையாக மேலே கூட்டிப் போகவேண்டும். பல மாதக் கெஞ்சலுக்குப் பிறகு சம்மதித்திருந்தாள். எங்கள் வீடிருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து விமானத் தளத்துக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: “இண்டைக்கு விட்டா பேந்து என்னைக் கேக்கப்படாது.”

மெக்கானிக் வருமுன் எஞ்சினைச் சூடாக்கிவிடலாமென்று ஏறினேன். முழு வேகம் கொடுத்தேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் வழக்கமான இடத்துக்கு வரவில்லை. கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. இதழின் சரிவைக் கூட்டினால் அப்படித்தான் நிற்கும். எஞ்சினை நிறுத்திக் குதித்து இறங்கினேன்.

ஒவ்வொரு இதழின் அடியிலும் மெல்லிய கோடொன்று உண்டு. அது, இதழ்கள் செருகியிருக்கும் நடுக்குடத்திலுள்ள எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறதோ அதுதான் சரிவு. குனிந்து பார்த்தேன். கோட்டைக் காணவில்லை. மூன்று இதழிலும் அதே இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து கல்லாக இருந்தது. போன வாரம் மனைவி புதுக் காருக்குச் செய்வதுபோலவே சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைத்து, முன்பக்கத்துக்குப் பொட்டும் வைத்திருந்தாள். விமானத்துக்கு முன்பக்கம் என்றால் புரொப்பெல்லர்தானே.

“டேய், திருப்பினியா?”

“என்ன அத்தான், விசரே? நான் தொடேல்லை.”

“பின்ன முள் ஏன் வரேல்லை?”

“அதை முள்ளிட்டக் கேளுங்கோ.”

இறக்கையைச் சுற்றி நான்கு தடவை நடந்தேன். எழுதாமல் திருப்பியிருந்தால் கையெழுத்து இல்லை, பறப்பும் இல்லை. மெட்ரோ அட்டையை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டத் தொடங்கினேன். அட்டை வளைந்தது. எச்சில் தொட்டேன். அப்போது பின்னால் “பொன்ஜூர்” என்று கேட்டது. ஈர விரலோடு அப்படியே நிமிர்ந்தேன்.

மெக்கானிக் புரொப்பெல்லரைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். “பெயின்ட்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கார்டரி என்ற பகல் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யும் என் மனைவி, பொய் சொல்லும் பிள்ளையை விலக்குவதுபோல என்னை விலக்கிவிட்டு, ஆசீர்வாதம் என்று அவருக்குப் பிரெஞ்சில் விளக்கினாள். அவர் தலையாட்டி, ஈரத்துணியால் துடைத்தார். மூன்று கோடுகளும் புத்தகத்திலிருந்த எண்ணுக்கு நேராக, அசையாமல் நின்றன.

மச்சான் கையை நீட்டி, “முறிக்கேல்லையே?” என்பதுபோலக் காட்டினான்.

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்து, இழுத்தபடி கிடந்த குமிழொன்றை ஒற்றை விரலால் தள்ளினார். கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடான காற்று விடும் குமிழ் அது. இழுத்துவிட்டால் எஞ்சினின் பலம் சற்றுக் குறையும். எஞ்சினைச் சூடாக்க ஏறியபோது, அவசரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க நானே இழுத்து, உள்ளே தள்ள மறந்திருக்கிறேன். மறுபடி ஓட்டியபோது முள் ஒழுங்காக அதன் இடத்துக்கு வந்தது.

அவர் புத்தகத்தில் எழுதினார்: மதச் சாந்து அகற்றப்பட்டது, சரிவில் மாற்றமில்லை. கீழே கையெழுத்து.

“மன்னிச்சுக்கொள்ளடா” என்றேன்.

“எனக்கும் புத்தகத்தில எழுதித் தாங்கோ அத்தான்.”

மனைவி கைப்பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். நான் ஓடிப்போய்ப் புரொப்பெல்லருக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். அவள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

“முதல்ல இதுக்குத்தான் வச்சிருக்கோணும்” என்றவள், ஏறி இருந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். “இப்ப ஓட்டுங்கோ. அந்தக் குமிழில கை வைக்காதேங்கோ.”