படமெடுக்கச் சுழன்ற காற்றாடி

சாம்பல்தீவில் என் அக்காவின் வெங்காயத் தோட்டத்துக்கு அரசாங்கம் காற்றாடிப் பம்பி ஒன்று போட்டுக்கொடுத்தது. எண்ணெய் வேண்டாம், காற்றே தண்ணீர் இறைக்கும், கிராமம் சொந்தக் காலில் நிற்கும் என்று தொடக்க விழாவில் பேசினார்கள். செலவில் ஒரு பங்கைப் பயனாளி கட்ட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அக்கா அதுவரை தண்ணீர் இறைத்த தன் மண்ணெண்ணெய் இயந்திரத்தை விற்றுக் கட்டினாள்.

முதல் போகம் முடியுமுன்பே காற்றாடிக் கோபுரத்தில் படையினர் காவலுக்கு ஏறிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு உயரமான வேறொன்று இல்லை. சக்கரம் சுழலும் இரைச்சலில் வேறு சத்தம் கேட்பதில்லை என்று அதைக் கயிற்றால் கட்டினார்கள். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது, சக்கரம் அசையவில்லை. அக்காவும் அத்தானும் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினார்கள். பாத்திகள் ஒவ்வொன்றாக வாடின. திணைக்களத்தில் முறையிட்டோம். பாதுகாப்பு விடயம், தங்களால் ஏலாது என்றார்கள். நான் என் பத்திரிகைக்கு எழுதிய செய்தி தணிக்கையைத் தாண்டவில்லை.

பிறகு, திட்டத்தின் வெற்றியை அமைச்சருக்குக் காட்டும் அறிக்கைக்குப் படம் எடுக்க ஓர் அதிகாரி புகைப்படக்காரருடன் வந்தார். அன்று நானும் அங்கே நின்றேன். அவர் கேட்டதும் கோபுரத்தில் நின்ற சிப்பாய் கயிற்றை அவிழ்த்தான். ஆக, அவிழ்க்க ஏலும்.

சக்கரம் சுழன்றது. குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா மண்வெட்டியால் வாய்க்காலைத் திறந்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். படம் எடுத்தாயிற்று.

"தம்பி, நான் கண்ணை மூடிப்போட்டன். இன்னொண்டு எடுங்கோ."

எடுத்தார். அவள் அத்தானைக் கூப்பிட்டாள். "இவரில்லாமல் எப்பிடி? குடும்பமா நிண்டால்தானே அமைச்சர் நம்புவார்."

அத்தான் சேட்டுப் போட வீட்டுக்குப் போனார். ஆடி அசைந்து வந்தார். அடுத்து, மாடும் படத்தில் வேண்டும் என்றாள்.

அதிகாரிக்கு விளங்கிவிட்டது. "அம்மா, நாங்கள் தோட்டத்துக்குத் தண்ணி கட்ட வரேல்லை."

"ஓம் ஐயா. அதுக்கெண்டு ஒருத்தரும் வாறேல்லைத்தானே."

கயிறு மறுபடி கட்டப்பட்டது. தண்ணீர் இரண்டாம் பாத்தியின் நடுவில் நின்றுபோனது.

அறிக்கை பளபளப்பான தாளில் வந்தது. படத்தில் சக்கரம் சுழல்கிறது, அக்கா சிரிக்கிறாள். சிப்பாய் நின்ற பக்கத்தை வெட்டியிருந்தார்கள்.

அந்த ஒன்றரைப் பாத்தியை மட்டும் வாளித் தண்ணீரால் காப்பாற்றினாள், மற்றவற்றைக் கைவிட்டாள். கிடைத்ததை விற்காமல் விதைக்கென்று குசினிக்குள் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். அடுத்த போகம் வந்தபோதும் சக்கரம் கட்டியபடியே நின்றது. விதை வெங்காயத்தை ஒவ்வொரு பிடியாக அவிழ்த்துக் கறிக்குப் போட்டார்கள்.