படத்தில் உட்கார்ந்தவர்

வேன் அக்கா ஹாரன் அடிக்க மாட்டார். அவர் குரலே போதும். காலையில் எங்கள் தெரு முனையில் மஞ்சள் வேன் வந்து நின்றதும், "என்னடா, ஷூவுக்கு லேஸ் கட்டறியா, மீன் பிடிக்க வலை பின்னறியா?" என்று ஒரு சத்தம் வரும். பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, அலுவலகம் போகும் பெரியவர்களும் அதைக் கேட்டுத்தான் சட்டைப் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொள்வார்கள்.

கட்டை குட்டையான உருவம். கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்துதான் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். எங்கள் சேவைச் சங்கத்தின் தலைவர் அவரைவிட மூத்தவர். அவரும் "வேன் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேனில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பழைய பேப்பர் இருக்கும். சங்கத்துக்கு நிதி வரும் வழி அதுதான். வீடு வீடாகப் போய்ப் பழைய செய்தித்தாள் வாங்கி, மொத்தமாக எடைக்குப் போட்டு, வரும் காசில் ஊன்றுகோல், பிடித்து நடக்கும் நடைச்சட்டம், மூக்குக்கண்ணாடி என்று வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். நாங்கள் போனால் வாசலில் பாதிக் கட்டு கிடைக்கும். வேன் அக்கா போனால் பரண் வரைக்கும் காலியாகும்.

"தினம் பேப்பர் வாங்கறீங்க, கட்டு இவ்ளோதானா? மீதியைத் தின்னுட்டீங்களா?"

"அலமாரியில விரிச்சிருக்கேன் அக்கா."

"உருவிக் குடுங்க. அலமாரிக்கு என்ன குளிரா?"

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. வாங்கி வைத்திருக்கும் பின்னறையிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும், வாங்குபவர் மேடைக்கு வந்து, கொடுப்பவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படம் பேப்பரில் வரும். தலைவர் சொந்தமாக விளக்குக் கடை வைத்திருப்பவர். வெளிச்சத்தில் காட்டாத பொருள் விற்காது என்பது அவர் வாழ்க்கையில் கற்ற பாடம். படம் எடுப்பது என் வேலை. அதில் பேச வேண்டியதில்லை என்பதால் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அந்த வருடம் முதல் முறையாக ஒரு சக்கர நாற்காலி வாங்கினோம். பாதிக்குப் பழைய பேப்பர். மீதிக்கு ஒரு சிமெண்ட் வியாபாரி. அது யாருக்கு என்பதில் பேச்சே இல்லை. போர்டு மாஸ்டருக்கு.

கடைப் பலகைகள் எழுதுபவர் மாஸ்டர். எங்கள் சங்கத்தின் வாசல் பலகையும் அவர் கைதான். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதில் இரண்டு கால்களும் அசையாமல் போயின. எங்கள் சங்கத்தாரைத் தவிர ஊருக்கு அது தெரியாது. வீட்டு முன்னறையில் மேஜையருகே உட்கார்ந்தபடி, பெயர்ப்பலகையும் வண்டி நம்பரும் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி வாசலில் நின்று வேலை வாங்குவார், முடிந்ததைக் கொடுப்பார். "மாஸ்டருக்குக் கை ஒழியல" என்று சொல்லி அனுப்புவார். காலையில் கட்டிலிலிருந்து மேஜைக்கும், இருட்டும் முன் மேஜையிலிருந்து கட்டிலுக்கும் அவரைத் தூக்கிச் சுமப்பவரும் அந்த மனைவிதான். அந்த வேலை அவர் இடுப்பைத் தின்றுகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொல்ல வேன் அக்காவோடு நானும் போனேன். அறையில் பெயிண்டும் டர்பண்டைனும் கலந்த வாசனை. மாஸ்டர் தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"படம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க அண்ணே."

"அப்ப வேணாம். என் எழுத்தை ஊரு பாத்துச்சு, அது போதும். என் காலைப் பாக்க வேணாம்."

மனைவி உள்ளிருந்து வந்தார். "என் முதுகை யாரு பாக்கறது? ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்தா என்ன?"

"ஒரு நிமிஷந்தான். அதுக்கப்புறம் எவன் வேலை குடுப்பான்? 'பாவம், அவரால முடியாது'ன்னு அடுத்த கடைக்குப் போயிடுவான். பாவம் பாத்தா ஒரு டப்பா பெயிண்ட் தருவானா?"

மனைவி கதவு நிலையில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது வேனில் அக்கா பேசவில்லை. அவர் பேசாத வேனில் இன்ஜினுக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்தார். "மாஸ்டருக்கு நாற்காலியை வீட்ல கொண்டுபோய்க் குடுத்துடலாம். படம் வேண்டாம்."

"அது எப்படிம்மா?" என்றார் தலைவர். கெட்ட மனிதர் அல்ல. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "சிமெண்ட்காரர் படத்துக்காகத்தானே குடுத்தார்? போய்ச் சேர்ந்துச்சுன்னு ஜனங்க எப்படி நம்புவாங்க? படம் இல்லைன்னா அடுத்த நாற்காலி இல்லை."

"என் வீட்டுக்காரருக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணாங்க, தெரியுமா தலைவரே? வேற ஊர்ல, உங்கள மாதிரி ஒரு சங்கம். புண்ணியவானுங்க, இலவசமாத்தான் பண்ணாங்க. கண்ணுல கட்டோட படம் எடுத்து, 'பார்வை இழந்த ஓட்டுநருக்கு உதவி'ன்னு பேப்பர்ல போட்டாங்க. கட்டைப் பிரிச்சப்போ அவருக்கு எறும்போட மீசை தெரிஞ்சுது. ஆனா எந்த அப்பன் தன் பிள்ளையைக் குருட்டு டிரைவர் வேன்ல ஏத்துவான்? அந்த ஊரையே விட்டு வந்தோம். அவரு மறுபடி வண்டியைத் தொடல. இந்தத் தலையணை போட்டு நான் ஸ்டியரிங் பிடிச்சது அதுக்கப்புறம்தான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார். கைகள் உயர்ந்தன. விதி ஜெயித்தது. மாஸ்டர் மேடைக்கு வர மறுத்தால் நாற்காலி அடுத்தவருக்குப் போகும் என்று முடிவானது.

"சரி, அன்னைக்கு நாற்காலியில ஆள் உக்காந்திருக்கும்" என்றார் வேன் அக்கா. மாஸ்டர் இறங்கி வந்துவிட்டார் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

விழா நாள். மேடையில் பேனர், மாலை, புதிய நாற்காலி. அதன் சக்கரங்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சிமெண்ட் வியாபாரி வாட்டசாட்டமான மனிதர். தான் கொடுத்த பொருளையே பயத்தோடு பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தலைவர் மைக்கில், "பயனாளி மேடைக்கு அழைத்து வரப்படுவார்" என்றார்.

யாரும் அழைத்து வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து வேன் அக்கா எழுந்தார். விறுவிறுவென்று நடந்தார். படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டினார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

வியாபாரி குனிந்தார். "உங்களுக்குக் காலு... என்னம்மா ஆச்சு?"

"நல்லா இருக்குங்க. உங்களுக்கு?"

"அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க?"

"படத்துல ஒரு ஆளு உக்காரணும்னு விதி. எந்த ஆளுன்னு விதியில இல்ல. சிரிங்க சார், தம்பி எடுக்கப் போறான்."

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். "அக்கா, மானம் போகுது."

"ஒருத்தர் மானம் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க? என்னோடது போகட்டும். எனக்கு நிறைய இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வியாபாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். தலைவர் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையசைத்தார். என் விரல் அதற்குள் அழுத்திவிட்டிருந்தது. கேமராவின் வெளிச்சம் அடங்குவதற்குள் வேன் அக்கா இறங்கி, நாற்காலியை மடித்து, தலையில் விறகுக்கட்டு போல வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் வீட்டில் என்ன நடந்தது என்று அக்கா சொல்லவில்லை. மாஸ்டரின் மனைவிதான் பிறகு சொன்னார். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து முன்னறைக்கும் அடுப்படிக்கும் தானே உருட்டிப் போய்வந்தாராம். அப்புறம், "நீ போய்ப் படு" என்று மனைவியிடம் சொன்னாராம். வெயில் இருக்கும்போது அந்த அம்மா படுத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எங்கள் சங்கத்தில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தப்பு நடந்தது.

தலைவருக்கு ஒரு பழக்கம். செய்தியை விழாவுக்கு முன்பே எழுதிப் பேப்பருக்கு அனுப்பிவிடுவார். வரவேற்றவர், வாழ்த்தியவர், நன்றி சொன்னவர் எல்லாம் நடப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். படம் மட்டும் பின்னால் போகும். இந்த முறையும், எந்தப் படம் என்று பாராமல், அவர் கடையில் வேலை செய்யும் பையன் வழக்கம்போல அனுப்பிவிட்டான். மறுநாள் காலைப் பேப்பரில் வேன் அக்கா கால்மேல் கால் போட்டுச் சிரிக்கும் படம் வந்தது. கீழே, "இரு கால்களும் செயலிழந்தவர் கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்."

அன்று எங்கள் தெருமுனையில் வேன் நின்றபோது பிள்ளைகளோடு பெற்றோர்களும் நின்றார்கள். கையில் பேப்பர். ஓர் அப்பா முன்னால் வந்தார்.

"ஏங்க, உங்களுக்குக் கால் வராதாமே?"

"யார் சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருக்கு."

"இத்தனை நாளா பிரேக்கை மூக்கால போட்டேன்னு நினைச்சீங்களா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஓர் அம்மா மகளின் கையை விடாமல், "இல்ல அக்கா, உள்ளுக்குள்ள ஏதாவது நோவு இருக்கப்போய்த்தானே..." என்று இழுத்தார். வேன் அக்கா கீழே குதித்தார். வேனைச் சுற்றி ஓடினார். ஒற்றைக்காலில் நொண்டி விளையாடிக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டின. அப்படியும் இரண்டு மூன்று பிள்ளைகள் அன்றைக்கு ஆட்டோவில்தான் போயின. அந்த இருக்கைகள் காலியாகவே நகர்ந்ததைப் பார்த்தேன்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் பேப்பரைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கண்ணை எடுத்தான், உனக்குக் காலை எடுத்திருக்கான். பேப்பர்காரன் நம்ம குடும்பத்தைத் துண்டு துண்டாத்தான் எடுப்பான் போல" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "அண்ணன் பேரைச் சொல்லிட்டா நான் தப்பிச்சிடுவேன். 'எனக்கில்ல, போர்டு மாஸ்டருக்கு'ன்னு ஒரு வார்த்தை. சொல்ல மாட்டேன்." சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா தம்பி, விளக்குக் கடைக்கு."

கடையில் நூறு விளக்குகள் எரிந்தன. அவற்றின் நடுவே தலைவர் இருண்டுபோய் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குத் திருத்தம் போடச் சொல்றேன் அக்கா."

"உங்க திருத்தம் கடைசிப் பக்கத்துல எறும்பு சைஸ்ல வரும். யார் படிப்பா? காலையில நீங்களே வந்து ஸ்டாப்புல நில்லுங்க. ஒரு ஸ்டாப் விடாம."

"நானா? கடையை யாரு திறக்கறது?"

"என் வேனை யாரு நிரப்பறது?"

மறுநாள் தலைவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, "தப்பு என்னோடது, இவங்க நல்லா இருக்காங்க" என்றார். "அப்ப நாற்காலி யாருக்கு?" என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். முதல் இடத்தில் அவர் வேன் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். "தேவைப்பட்டவங்களுக்குப் போயிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு எல்லா நிறுத்தங்களிலும் அதையே சொன்னார். கடைசி நிறுத்தத்தில் அவர் குரலில் கொஞ்சம் கோபமும் சேர்ந்திருந்தது. "யாருக்குன்னு தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் வரவேயில்லை. அந்த இருக்கையில் இப்போது புத்தகப் பைகள் வைக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் விதியை நீக்கவில்லை. படம் எடுத்தே ஆக வேண்டும், சிமெண்ட்காரர் கேட்கிறார் என்றார். வாங்குபவருக்குப் பதில் சங்கத்தில் யாராவது உட்காரலாம் என்று மட்டும் சேர்த்தார். யார் உட்கார்வது என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு கை மட்டும் உயர்ந்தது.

அதனால் எங்கள் கூடத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள். ஊன்றுகோல் வாங்குவது வேன் அக்கா. நடைச்சட்டம் வாங்குவது வேன் அக்கா. காது கேட்கும் கருவி, தடித்த மூக்குக்கண்ணாடி, இடுப்புப் பட்டை எல்லாம் அவருக்கே. எதிலும் கண்ணீர் மல்கவில்லை. செய்தியைத் தலைவர் இப்போது விழா முடிந்த பிறகுதான் எழுதுகிறார்.

போன மாதம் சங்கத்தின் மேலிடத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்தார். சுவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசிப் படத்தருகே நின்று நெஞ்சில் கை வைத்தார்.

"அடடா, ஒரே அம்மாவுக்கு இத்தனை கஷ்டமா! இப்போ இவங்க எப்படி இருக்காங்க?"

பேப்பர்க் கட்டைத் தோளில் சுமந்தபடி உள்ளே வந்த வேன் அக்கா நின்றார். படத்தையும் பார்வையாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் பல்செட்டு ஒண்ணுதாங்க பாக்கி" என்றார். "கொஞ்சம் நகருங்க, கட்டு கனமா இருக்கு."