அருவிப் பாறையில் ஏரி நடை

என் மகள் பவானிக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து, திங்கட்கிழமை ஹாஸ்டலில் சேர வேண்டும் என்று முடிவான பிறகுதான் இந்தப் பயணம் முளைத்தது. அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் போனால் மிச்சம் எத்தனை என்று பத்தாவதோடு நின்ற எனக்கும் கணக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல வேண்டும். வீட்டில் வாய் வரவில்லை. மலை, அருவி என்று கூட்டிப்போனால் வரும் என்று நினைத்து, டிசம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

வழி சுலபம். ஆரம்பாக்கம் தாண்டி, தடாவில் இடது பக்கம் திரும்பினால் வரதையபாளையம். அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் மலையடிவாரம். பைக்கில் ஒன்றரை மணி நேரம் ஆனது. தடாவில் நாஷ்டா, இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிப்பத்து ரூபாய். வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆரம்பாக்கம் வயல்களில் மழைத்தண்ணீர் நின்று, நாற்று எது குட்டை எது என்று தெரியவில்லை.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்த முப்பது ரூபாய். அங்கிருந்து மலைமேல் உள்ள கூடார முகாமுக்கு நாலு கிலோமீட்டர் காட்டுப் பாதை. முகாமிலிருந்து வழிகாட்டியாக சீனு என்பவர் வந்தார். சீனு முன்னால், பவானி அவர் பின்னால், அவளுக்கு ரொம்பப் பின்னால் நான், எனக்கும் பின்னால் என் மூச்சு. இரண்டரை மணி நேரம் ஏறினோம். கூடாரம், ராத்திரிச் சாப்பாடு, காலை நாஷ்டா எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆயிரத்து இருநூறு. கூடாரம் என்றால் ஜிப் வைத்த கொசுவலை, அவ்வளவுதான். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அருவிக்குப் போனோம். முகாமிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம். மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, ஒரு பறவைச் சத்தம் இல்லை. அருவி வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இறங்கியது, கீழே குட்டை கறுத்துக் கிடந்தது. இதுதான் இடம் என்று தைரியம் வரவழைத்து, "போவாதம்மா" என்றேன்.

அவள் காதில் கையை வைத்தாள். "இன்னா நைனா? கேக்கல."

அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் அவள் பாறை பாறையாகத் தாண்டி ஓடையின் அந்தக் கரைக்குப் போய்விட்டாள். நானும் இறங்கினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பழவேற்காட்டுக்காரன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போகிற நாங்கள் காலைத் தூக்கி வைக்கமாட்டோம். சேற்றோடு தேய்த்துக்கொண்டே நடப்போம். அடியில் திருக்கை மீன் படுத்திருந்தால் கால் உரசி விலகிவிடும். மிதித்தால் வால் முள் ஏறிவிடும். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனால் முழங்கால் தண்ணீரைப் பார்த்ததும் கால் பழைய வேலைக்குப் போய்விட்டது. பாசி பிடித்த பாறையில் தேய்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. இடது கணுக்கால் மடங்கி உட்கார்ந்தேன்.

சீனு கைகொடுத்துத் தூக்கினார். "இன்னாத்துக்குண்ணா காலத் தேச்சிக்கினு வந்தீங்க?"

"திருக்கை கீதோன்னு."

"மலமேலயா?"

பவானி சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. "நைனா, காலு ஒடஞ்சிருந்தா நான் எங்கயும் போவல. இப்பவே சொல்லிட்டேன்."

நான் கேட்க வந்தது இதைத்தான். கேட்காமலே தட்டில் வைத்துக் கொடுக்கிறாள். ஆனால் அவள் அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒரு வருடம் படிப்பை நிறுத்தினாளே, அன்றைக்கும் இதே குரலில்தான் சொன்னாள்.

"ஒடையறதுக்கு இது இன்னா அப்பளமா? சும்மா மடங்கிச்சு. நட" என்றேன்.

இறங்கும் வழியில் காடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நான் பார்த்தது என் இடது ஷூவை மட்டும்தான். சீனு ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் பைக்கில் கியர் இடது காலில் என்பது நினைவுக்கு வந்தது. தூக்கம் வருகிறது, நீ ஓட்டு என்று சாவியை நீட்டினேன். மைதானத்தைத் தவிர வேறெங்கும் ஓட்டாதவள், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஏற்றி இறக்கினாள்.

திங்கட்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நொண்டாமல் நடந்து காட்டினேன். ரயில் நகரும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இப்பனாச்சும் டாக்டராண்ட போ நைனா. தூக்கம் வருதுன்னுட்டு வழியெல்லாம் பல்லக் கடிச்சிக்கினு வந்தியே."

எலும்பில் கீறல். நாலு வாரம் மாவுக்கட்டு. காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் மிக்ஸி சத்தம்கூட இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழை நாளில் பாதையை மூடிவிடுவார்கள், முன்னாடியே போன் செய்து கேளுங்கள். பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். பாறையில் காலைத் தூக்கி வையுங்கள், அங்கே திருக்கை இல்லை, நான் பார்த்துவிட்டேன். யாரிடமாவது முக்கியமாக ஏதாவது சொல்லக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், முகாமிலேயே சொல்லிவிடுங்கள். அருவிப் பக்கத்தில் சொன்னது அவர்களுக்கு நிஜமாகவே கேட்கவில்லையா என்பதை வீட்டுக்கு வந்த பிறகு கேட்க முடியாது.